தெருவுக்கு இணையாக

எங்கள் பேட்டையில் நேர்க்கோடு என்பது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம். ஒஹையோவில், சோயாபீன் வயல்களுக்கு நடுவே இருக்கிற வால்நட் மெடோஸ் குடியிருப்பில், ஒருவர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்காரரின் தபால்பெட்டியைக் காரால் இடித்தால் மன்னித்துவிடுவார்கள். அவர் வீட்டு முன்னால் பெஞ்சு கோணலாகக் கிடந்தால் மன்னிக்க மாட்டார்கள். வேலியோ, பெஞ்சோ, ரோஜாப் பாத்தியோ, வீட்டின் முன்புறத்தில் எது எழுந்து நின்றாலும் அது தெருவுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பது வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதி.

விதியை எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் எழுதிய காலத்தில் இங்கே இருந்தது ஒரே தெரு. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது. பிறகு கட்டடக் கம்பெனிக்காரருக்குக் கொஞ்சம் நிலம் மிச்சமாயிற்று. தெருவின் கடைசியில் கார்கள் திரும்பிப் போக ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றிப் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தி நடுவதுபோல வீடுகளை நட்டுவிட்டு, புளோரிடாவுக்குப் போய்விட்டார். அந்த வட்டத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். இணைகோடு விஷயத்தில் வட்டத்துக்காரர்கள் பிறவியிலேயே சந்தேகத்துக்கு உரியவர்கள்.

விதியைக் காப்பது வடிவ ஒழுங்குக் குழு. அதன் தலைவி கேண்டஸ் விட்டேக்கர், ஒரு பல் இன்சூரன்ஸ் கம்பெனியில் விண்ணப்பங்களை நிராகரிக்கும் பிரிவுக்குத் தலைமை தாங்கி ஓய்வு பெற்றவர். அவர் வீடும் வட்டத்தில்தான். ஆனால் தலைவி என்பதால், அவர் வீட்டுக்கு முன்னால் மட்டும் தெரு நேராகப் போவதாகக் கருதப்படும். அளவெடுப்பது பக்கத்து வீட்டு ரோஜர் பின்க்னியின் வேலை. மூடப்பட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் ஏலத்தில், கரும்பலகையில் வைத்து வரையும் பெரிய மரப் பாகைமானி ஒன்றை அவர் வாங்கி வந்தார். மறுநாளே குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாமவர் க்ளென் ஷூமேக்கர். அவர் வழிமொழிவார்.

ஒருவர் முன்மொழிந்தால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும், அதன் பிறகுதான் வாக்கெடுப்பு. சங்கத்துக்கு இது வேதம் மாதிரி. க்ளென் வழிமொழிந்து வழிமொழிந்து இப்போது, காபி ஆறிப்போச்சு என்று யாராவது சொன்னால்கூட வழிமொழிகிறார். குழுக் கூட்டத்தில் குழுவினர் மட்டுமே முன்மொழியலாம். எல்லா வீட்டுக்காரர்களும் ஒன்றாகக் கூடியிருக்கும்போது யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். அதனால் கேண்டஸ் எங்களை ஒன்றாகக் கூட்டுவதே இல்லை. டிசம்பரில் அலங்காரப் போட்டிக்குப் பரிசு கொடுக்கும் நாளைத் தவிர. அன்றைக்கு எல்லாருக்கும் ஹாட் சாக்லேட் தருவார்கள், வாய் அடைபட்டிருக்கும்.

இந்த அமைப்புக்குள் லைல் ஹோஸ்டெட்லர் எப்படிச் சிக்கினார் என்றால், ஒரு ரக்கூனால்.

லைல் குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலைகளில் உப்புத் தூவும் லாரி ஓட்டுகிறவர். மஞ்சள் கோட்டைப் பார்த்து ஓட்டுவார், யார் வம்புக்கும் போகமாட்டார். அவர் மனைவி டோரீன் அப்படி இல்லை. செப்டம்பரில் ஒரு நாள் குப்பைத் தொட்டிக்குள் புகுந்த ரக்கூனைத் துடைப்பத்தோடு துரத்தி, வாசற்படியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ரக்கூனுக்கு ஒன்றும் ஆகவில்லை. டோரீனைப் பிசியோதெரபி மையத்தில் சேர்த்தார்கள். இனி சக்கர நாற்காலிதான், நடை திரும்பினால் அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். படி வைத்த வீட்டுக்கு நோயாளியை அனுப்பமாட்டோம், அக்டோபர் முடிவதற்குள் வாசலில் சாய்தளம் வேண்டும், இல்லாவிட்டால் வேறு வீடு பாருங்கள் என்றது மையம்.

வேறு வீடு என்றால் ஃபோர்ட் வேன் என்ற ஊரில் இருக்கிற டோரீனின் அக்கா வெர்னாவின் வீடு. அங்கே பூனைகள் உண்டு. காபியில் காபி இருக்காது, காஃபினை எடுத்துவிட்ட டிகாஃப். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் நரகத்தைப் பற்றிப் பேசுவார் வெர்னா.

"இதோ பாரு லைல்," என்றார் டோரீன், கட்டிலில் இருந்தபடி. "என்னை வெர்னா வீட்டுக்கு அனுப்பினேன்னு வை, அங்கிருந்து நேரா கல்லறைக்குத்தான் போவேன். அதுவும் டிகாஃப் குடிச்சுட்டு."

லைல் அன்றைக்கே ஒரு படம் வரைந்தார். கதவிலிருந்து புறப்பட்டு, சரிந்து, தெருவில் போய் முடியும் ஒரு சாய்தளம். ஒரு குழந்தையிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் வரைந்திருக்கும். மறுநாள் காலையில் ரோஜர் பாகைமானியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"லைல், இது தெருவுக்குச் செங்குத்தா இருக்கு."

"ஆமா ரோஜர். கதவுலேர்ந்து தெருவுக்குப் போகணும்னா அப்படித்தானே போகும்?"

"தொண்ணூறு டிகிரிப்பா! விதியை இதுக்கு மேல மீற முடியாது. எண்பத்தொம்போதுன்னா கூடப் பரவால்ல, ஏதோ கொஞ்சம் மனசாட்சி இருக்குன்னு சொல்லலாம்."

"எல்லார் வீட்டு நடைபாதையும் அப்படித்தானே போகுது?"

"அது படுத்துக்கிட்டு இருக்கு. உன் ராம்ப் எழுந்து நிக்குது. எழுந்து நிக்கிறதுக்குத்தான் விதி."

லைல் யோசித்தார். சாய்தளத்தைத் திருப்பி, வீட்டு முன்சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் ஓடவிட்டு, கார் நிறுத்தும் இடத்தில் கொண்டுபோய் இறக்கினார், காகிதத்தில். இப்போது அது செங்குத்தாக இல்லை. பார்த்தால் இணையாகத்தான் தெரிந்தது.

"பார்த்தா தெரியறதை வெச்சு முடிவு பண்ண நாங்க என்ன கண் டாக்டரா?" என்றார் கேண்டஸ். அகராதியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "இணைன்னா என்ன அர்த்தம் தெரியுமா லைல்? ரெண்டு பக்கமும் எவ்வளவு தூரம் நீட்டினாலும் சந்திக்கக் கூடாது. எவ்வளவு தூரம் நீட்டினாலும். நீங்க நீட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"நீட்டாம எப்படி வந்து என் முன்னாடி நிக்கிறீங்க?"

ஆகவே நீட்டினார்கள். சாய்தளம் வரப்போகிற இடத்தில் க்ளென் நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரோஜர் நூற்கண்டோடு புறப்பட்டார். முதலில் கிழக்குப் பக்கம். இரண்டு வேலி, ஒரு ஊஞ்சல், ஒரு கூடாரம், எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டு எல்லாவற்றையும் தாண்டி நூல் சோயாபீன் வயலுக்குள் போய்விட்டது. வயல்காரர் அறுவடை இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"என்னய்யா பண்றே என் நிலத்துல?"

"சந்திக்குதான்னு பாக்கறேன்."

"எதை?"

"சந்திச்சாத் தெரிஞ்சுடும்."

வயல்காரர் குனிந்து நூலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, ஊர்ப் பக்கம் ஆட்களுக்கு இப்படித்தான் ஆகும் என்று தமக்குள் முடிவுகட்டியவர் போல, இயந்திரத்தை ஓரமாகத் திருப்பி அறுக்கப் போனார். மத்தியானம் ரோஜர் திரும்பி வந்து, கிழக்கில் நூல் எதையும் சந்திக்கவில்லை, கண்டு தீர்ந்துவிட்டது என்று அறிக்கை கொடுத்தார். லைலுக்கு முகம் மலர்ந்தது. பிறகு மேற்கே நீட்டினார்கள். நூல் வட்டத்தைத் தொடாமல் ஒதுங்கிப் போய், வீடுகளின் பின்னால் நழுவி, தெருவின் நேரான பகுதியில் தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் ரோட்டை வெட்டியது.

ரோஜர் அங்கேயே நின்று விசில் ஊதினார். கேண்டஸ் காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"சந்திக்குது லைல்," என்றார், ஸ்கேன் எடுத்த டாக்டர் சொல்வதுபோல.

அதற்கு அடுத்த வாரம் விசாரணை. சங்கத்தின் அரங்கத்தில் மூவரும் மேடையில் உட்கார்ந்தார்கள். டோரீன் கைபேசியில் கேட்டுக்கொண்டிருக்க, லைல் அதை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே நின்றார். வட்டத்துக்காரர்கள் சிலர் வேடிக்கை பார்க்கப் போனோம். எங்களுக்கு வாய் திறக்க அனுமதி இல்லை.

"குழுவுக்கு இதயம் இல்லைன்னு சிலர் பேசிக்கிறாங்க," என்று ஆரம்பித்தார் கேண்டஸ். "டோரீன் விழுந்த அன்னிக்கே நான் சூரைமீன் கேசரோல் பண்ணி அனுப்பினேன். நல்ல செவ்வகமான பாத்திரத்துல. ராம்புக்கு நாங்க எதிரி இல்ல. சொல்லப்போனா டோரீனுக்காக நாங்களே ஒரு ராம்ப் வரைஞ்சிருக்கோம். ரோஜர், காட்டுங்க."

ரோஜர் படத்தை விரித்தார். லைலின் புல்தரையில், தெருவின் வளைவோடு தானும் வளைந்து, தெருவிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் நிற்கும் அழகான சாய்தளம். வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டத்தின் துண்டு. உண்மையிலேயே கச்சிதமாக இருந்தது. எவ்வளவு நீட்டினாலும் எல்லார் வீட்டு முன்னாலும் சுற்றிவிட்டுத் தன் வாலையே வந்து பிடிக்குமே தவிர, தெருவைத் தொடாது.

லைல் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது தெருவைத் தொடலையே மேடம்."

"அதான் இணை."

"அப்ப டோரீன் தெருவுலேர்ந்து எப்படி இதுல ஏறுவா?"

"ஏறறது இறங்கறது எல்லாம் போக்குவரத்து. நாங்க வடிவம் மட்டும்தான் பாக்கறோம்."

"சரி, கதவையும் தொடலையே?"

இதற்கு ரோஜரே பதில் சொன்னார். இந்த இடத்துக்காக அவர் காத்திருந்தது தெரிந்தது. "ராம்ப் கதவைத் தொடுதுன்னு வை. கதவு நடைபாதையைத் தொடுது. நடைபாதை தெருவைத் தொடுது. அப்ப ராம்ப் தெருவைச் சந்திச்ச மாதிரிதானே?"

அரங்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். தர்க்கம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"அப்ப டோரீன் எங்கேர்ந்து எங்க போறதுக்கு இந்த ராம்ப்?" என்றார் லைல் கடைசியாக.

"போறதுக்குன்னு யார் சொன்னா? ஒழுங்கா இருக்கறதுக்கு," என்றார் கேண்டஸ். "இந்த வடிவத்தை ஏத்துக்கணும்னு முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்," என்றார் க்ளென்.

அப்போது மேஜைமேல் இருந்த கைபேசி தொண்டையைக் கனைத்தது.

"கேண்டஸ், நான் டோரீன் பேசறேன். கேசரோல் நல்லா இருந்துச்சு, லைல் நாய்க்குப் போட்டானாம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உன் வீட்டு முன்னாடி கூரை உசரத்துக்கு ஒரு எலும்புக்கூடு நிக்குதாமே? ஒரு கால் புல்லுல, ஒரு கை சாக்கடை பக்கமா?"

"ஆமா, இந்த வருஷம் வாங்கினேன்," என்றார் கேண்டஸ், கொஞ்சம் வெட்கத்தோடு.

"அது தெருவுக்கு இணையாவா நிக்குது?"

கேண்டஸ் சிரித்தார். முதல் முறையாக அவர் குரல் இளகியது. "டோரீன், அது பேய்ப் பண்டிகைக்கு வெச்ச அலங்காரம்மா. அலங்காரம் மனசு சம்பந்தப்பட்டது. அக்டோபர் பொறந்ததுலேர்ந்து புது வருஷத்து முதல் ஞாயித்துக்கிழமை வரைக்கும் பண்டிகை அலங்காரத்துக்கு எந்த விதியும் கிடையாது. எவ்வளவு பெருசா வேணாலும் இருக்கலாம், எந்தக் கோணத்துல வேணாலும் நிக்கலாம். நாங்க என்ன இரக்கம் இல்லாதவங்களா?"

பிறகு டோரீன் சொன்னார்: "லைல், வீட்டுக்குப் போற வழியில பூசணிக்கா வாங்கிட்டுப் போ. நிறைய வாங்கு."

சனிக்கிழமை காலையில் உப்பு லாரி ஓட்டும் சகாக்கள் மரப்பலகைகளோடு வந்து இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் லைல் வீட்டுக் கதவிலிருந்து தெரு வரைக்கும் ஒரு அலங்காரம் எழும்பிவிட்டது. தொண்ணூறு டிகிரியில், கைப்பிடியோடு. இரண்டு பக்கமும் பல்லை இளித்துக்கொண்டு பூசணிக்காய்கள், ஆரஞ்சு விளக்குகள், மேலே ஒரு பலகை: சூனியக்காரி தரையிறங்கும் தளம்.

ரோஜர் பழக்கதோஷத்தில் பாகைமானியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அலங்காரம்," என்றார் லைல்.

ரோஜர் உடனே பாகைமானியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், தேவாலயத்தில் தொப்பியைக் கழற்றுவதுபோல. கேண்டஸும் வந்து பார்த்தார். ஒரு பூசணிக்காயின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். "பாத்தீங்களா லைல், மனசு வெச்சா உங்களால எவ்வளவு அழகா செய்ய முடியுது! அந்த ராம்ப் மாதிரி ஏதாவது ஒண்ணைக் கட்டி இந்த இடத்தைக் கெடுத்திருப்பீங்க."

"ஆமா மேடம்," என்றார் லைல்.

வெள்ளிக்கிழமை மையத்தின் வேன் வந்தது. டோரீன் கறுப்புக் கூம்புத் தொப்பி வைத்து, ரக்கூனைத் துரத்திய அதே துடைப்பத்தை மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு இறங்கினார். லைல் பின்னாலிருந்து தள்ள, சக்கர நாற்காலி தெருவிலிருந்து ஏறி, பூசணிக்காய்களுக்கு நடுவே போய், கதவுக்குள் நுழைந்தது. தெருவே கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் கேண்டஸ்.

"என்ன தத்ரூபம்!" என்றார் ரோஜரிடம். "அந்த வீல்சேரைக் கூட விடலை பாருங்க!"

நவம்பரில் பூசணிக்காய்கள் போய், நன்றி சொல்லும் பண்டிகைக்காக வான்கோழிப் பொம்மைகள் வந்தன. டிசம்பரில் வான்கோழிகள் போய், சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் வந்து, தளம் சாண்டாவின் பனிச்சறுக்கு வண்டி ஓடுபாதை ஆயிற்று. டோரீன் காலையில் காபியோடு இறங்கி வருவார், நிஜமான காபி. குளிரில் கொஞ்ச நேரம் தெருவைத் திட்டிவிட்டு ஏறிப் போவார். லைல் பலகையில் உப்புத் தூவி வைத்தார். ஆனால் அவர் முகத்தில் தெளிவு இல்லை. புது வருஷத்து முதல் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அலங்காரம் முடிந்து வடிவியல் தொடங்கிவிடும். வெர்னா தொலைபேசியில், ஒரு அறையைக் காலிசெய்து வைத்துவிட்டதாகவும் பூனைகளிடம் சொல்லிவிட்டதாகவும் தெரிவித்திருந்தார்.

"என்ன பண்றது டோரீன்?"

"பரிசு கொடுக்கற அன்னிக்கு எல்லாரையும் கூப்பிடுவாங்க இல்ல?"

"ஆமா. ஹாட் சாக்லேட் தருவாங்க."

"க்ளென் வருவானா?"

"அவன் எங்கதான் வரலை?"

"அது போதும்," என்றார் டோரீன்.

அலங்காரப் போட்டியில் முதல் பரிசு சாண்டாவின் ஓடுபாதைக்குக் கிடைத்தது. ஏகமனதாக. எங்கள் குடியிருப்பு முழுக்க லைல் வீட்டு முன்னால் கூடி, பனியில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஹாட் சாக்லேட் குடித்தது. தங்க நிறம் பூசிய பைன் கூம்பைக் கேண்டஸ் டோரீனின் மடியில் வைத்தார். "எந்த விதிக்குள்ளயும் அடங்காத கற்பனை!" என்று பாராட்டினார். "டோரீன், ரெண்டு வார்த்தை பேசணும்."

"ரெண்டு போதாது," என்றார் டோரீன். "முதல் பரிசு வாங்கின இந்த அலங்காரத்தை எப்பவும் கழட்டாம இங்கயே வெச்சிருக்கணும்னு முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்," என்றார் க்ளென், வாய் நிறைய பிஸ்கட்டோடு.

"க்ளென்!" என்றார் கேண்டஸ்.

"என்ன? ஏதாவது சொன்னாங்களா?"

கேண்டஸைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். விதியை மீறுகிறவர் என்று மட்டும் சொல்ல முடியாது. எல்லா வீட்டுக்காரர்களும் கூடியிருந்தார்கள். முன்மொழிந்தாகிவிட்டது, வழிமொழிந்தாகிவிட்டது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்று வாக்கெடுப்பு நடத்தினார். கையுறை போட்ட கைகள் வட்டம் முழுக்க எழுந்தன. லைல் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்று போதும் என்று ரோஜர் இறக்கிவிட்டார்.

வெர்னா அந்த அறையை இன்னொரு பூனைக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

இத்தோடு முடிந்திருந்தால் குழுவுக்குத் தோல்வி என்று யாராவது எழுதியிருப்பார்கள். ஆனால் ஒழுங்கு அவ்வளவு சுலபமாகத் தோற்பதில்லை. குளிர்காலம் முழுக்கக் கேண்டஸ் தம் வீட்டு ஜன்னலில் நின்று லைல் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டுக்கு முன்னால் மட்டும் ஒன்று நீட்டிக்கொண்டிருப்பது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அதைக் கழற்ற முடியாது. அப்படியானால் ஒரே ஒரு வழிதான் உண்டு. பனி உருகியதும் குழுவின் ஆணை வந்தது: வடிவ ஒழுங்கு கருதி, வட்டத்திலுள்ள எல்லா வீடுகளும் கோடைக்குள் சாய்தளம் கட்ட வேண்டும். எல்லாம் ஹோஸ்டெட்லர் வீட்டுச் சாய்தளத்துக்கு இணையாக இருக்க வேண்டும்.

வட்டத்தில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு திசை பார்த்து நிற்கிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல அனுமதி இல்லை என்பதும் ஒரு காரணம். க்ளென் வீடு லைல் வீட்டுக்கு நேர் எதிரே. அவர் ஒன்றும் யோசிக்காமல் கட்டினார். அவருடையது மட்டும் கச்சிதமாகத் தெருவில் போய் இறங்கியது. எங்கள் வீட்டுச் சாய்தளம் கதவிலிருந்து சாய்வாகக் கிளம்பிக் கோழிக்கூண்டில் முடிகிறது. கோழிகளுக்குத் திருப்தி. கேண்டஸின் வீடு வட்டத்தில் கால்பங்கு தள்ளி இருக்கிறது. அவருடைய சாய்தளம் கதவிலிருந்து பக்கவாட்டில் புறப்பட்டு, ரோஜாப் பாத்தியை மிதித்துக்கொண்டு, எல்லையைத் தாண்டி, ரோஜரின் சாப்பாட்டு அறை ஜன்னலில் போய் முட்டியது. ரோஜர் பாகைமானியை வைத்து அளந்து பார்த்துவிட்டு, கோணம் சரி என்று கையெழுத்துப் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்தார். வரும் அக்டோபரில் கூரை உயர எலும்புக்கூட்டை மட்டும் இடம் போதாமல் படுக்கத்தான் வைக்க வேண்டியிருக்கும்.

வேலை முடிந்த அன்று மாலை கேண்டஸ் லைல் வீட்டுக்கு வந்தார். டோரீன் தம் சாய்தளத்தின் கீழ் முனையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். ரோஜா முள் கிழித்த கையைக் கேண்டஸ் மறைத்துக்கொண்டார்.

"லைல், நீங்க ரோட்டுல கோடு பாத்து ஓட்டறவர். உள்ளதைச் சொல்லுங்க. உங்களுதும் என்னுதும் இணையா இருக்கா?"

லைல் குனிந்து, ஒரு கண்ணை மூடி, தம் சாய்தளத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு அவருடையதைப் பார்த்தார். அந்த ஜன்னலுக்குள் ரோஜர் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காது மேடம்."

கேண்டஸின் முகம் அப்படி மலர்ந்ததை நாங்கள் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வழிமொழியறேன்," என்றார் டோரீன்.